மங்கலின் அளவு

சில வருஷங்களுக்கு முன் காந்திகிராமத்தில் ஒரு நூற்புக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அம்மாளைப் படம் எடுத்தேன். 50 மில்லிமீட்டர் லென்ஸ். அதன் துவாரத்தை முழுக்கத் திறந்து எஃப் 1.8-இல் வைத்து, ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் நின்று எடுத்தது. நெற்றிச் சுருக்கங்களும் இமைகளும் மூக்குத்தியில் நின்ற ஒரு பொட்டு வெளிச்சமும் துல்லியமாக விழுந்திருந்தன. காது லேசாகக் கரைந்திருந்தது. அதற்குப் பின்னால் வெண்மையும் பழுப்புமாக, மெழுகு உருகி உறைந்தது போன்ற ஒரு பரப்பு, வேறொன்றும் இல்லை. பார்த்த நண்பர்கள் புகழ்ந்தார்கள். எனக்கும் கர்வமாகத்தான் இருந்தது. அடுத்த முறை போனபோது ஒரு பிரதி எடுத்துப்போய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் எங்க உக்காந்திருக்கேன்னே தெரியலையே" என்றார்.

புகார் சொல்லும் தொனி அதில் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்துக்கு இன்றுவரை என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. பின்னணியை எவ்வளவு மங்கவைப்பது என்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம், அதில் நல்லது கெட்டது பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கவிதை எழுதும் ஒரு நண்பர் அப்படித்தான் கேட்டார். ரசனை என்று சொல்லி முடித்துவிடக்கூடிய காரியமல்ல, அதில் ஒரு தார்மீகத் தேர்வு இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் காரியம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். லென்ஸ் ஒரு குறிப்பிட்ட தூரத்திலுள்ள தளத்தைத்தான் கூர்மையாகப் பதிக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டமாகப் பரவுகிறது. துவாரம் பெரிதானால் வட்டம் பெரிதாகும். துவாரம் சிறுத்தால், கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியும் அளவுக்கு வட்டமும் சுருங்கும். 35 மில்லிமீட்டர் காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-இல் வைத்தால், 1 மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். கண்ணிலிருந்து மூக்கு நுனிவரை என்று வைத்துக்கொள்ளலாம். 2 மீட்டர் தள்ளி நின்று எஃப் 8-க்குக் கொண்டுபோனால் அது முக்கால் மீட்டருக்கு மேல் போகும். எஃப் 16-இல் ஏறக்குறைய 1.7 மீட்டர். ஆக, ஒரு வளையத்தைத் திருப்புவதிலும் மூன்றடி பின்வாங்குவதிலும் ஒருவரைச் சுற்றியுள்ள உலகம் 4 சென்டிமீட்டராகவோ ஓர் அறையாகவோ ஆகிவிடுகிறது. வளையத்தைத் திருப்புகிற விரல் என்னுடையது. அந்த உலகம் என்னுடையதல்ல.

மங்கலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பழைய வாதம் கண்ணைப் பற்றியது. இங்கிலாந்தில் பீட்டர் ஹென்றி எமர்சன், வைத்தியம் படித்தவர், 1889-இல் எழுதிய புத்தகத்தில் இதைச் சொன்னார். நாம் எதைப் பார்க்கிறோமோ அது தெளிவாகவும் மற்றவை மங்கலாகவும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. எனவே படமும் அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இரண்டு வருஷங்களுக்குள், கறுப்புக் கரை போட்ட ஒரு சிறு பிரசுரத்தில், அந்தக் கொள்கையைத் தாமே அடக்கம் செய்தார் என்பது வேறு கதை. ஆனால் வாதம் சாகவில்லை. இன்றும் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். கவனத்தைக் குவிக்கிறதாம்.

இதில் ஒரு விஷயம் தப்பிவிடுகிறது. முகத்தைப் பார்க்கும்போது சுவர் மங்கலாக இருப்பது வாஸ்தவம். ஆனால் சுவரைப் பார்க்க நினைத்த மாத்திரத்தில் அது கூர்மையாகிவிடுகிறது. விழி ஓயாமல் நகர்கிறது. நேரில் ஒருவரைப் பார்க்கையில் நான் அவருடைய இடத்தைத் தற்காலிகமாகத்தான் ஒதுக்குகிறேன். திரும்பினால் அது கிடைக்கும். படத்தில் அந்தத் திரும்புதல் கிடையாது. ஒரு கணத்து அசிரத்தை அங்கே நிரந்தரமாகிவிடுகிறது. பிறகு பார்க்கிறவர் எவ்வளவு கவனம் செலுத்தினாலும் அது திறப்பதில்லை.

இது வெறும் தர்க்கம் என்று படலாம். எனக்கு இது புரிந்தது தர்க்கத்தால் அல்ல. என் அம்மா இறந்தபோது மாலை போட ஒரு படம் தேவைப்பட்டது. தனியாக எடுத்த படம் கிடையாது. ஒரு கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து முகத்தை வெட்டி, பக்கத்திலிருந்த சித்தியின் தோளை அழித்து, பின்னால் நீல வர்ணம் பூசி, ஒரே நாளில் பெரிதாக்கிக் கொடுத்தார் ஸ்டூடியோக்காரர். அதுதான் இன்னும் சுவரில் இருக்கிறது. அதில் அம்மா எங்குமில்லாத ஓர் இடத்தில் இருக்கிறாள். பல வருஷங்கள் கழித்து மூலப்படம் ஓர் உறவினர் வீட்டுப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. கூட்டத்தில் எல்லோரும் விழ வேண்டுமே என்று, எடுத்தவர் துவாரத்தை நன்றாகச் சுருக்கியிருக்கிறார். அதனால் மனிதர்களோடு எங்கள் பழைய வீட்டு முற்றமும் விழுந்திருக்கிறது. ஆட்டுக்கல், அதன்மேல் சாய்த்து வைத்த சொளகு, நிலைக்கதவில் சாக்கட்டியால் எழுதிய பால் கணக்கு. பூதக்கண்ணாடி வைத்தால் கணக்கைப் படிக்க முடிகிறது. எழுத்து அம்மாவுடையது. வீட்டை விற்று, வாங்கினவர்கள் இடித்தும் ஆகிவிட்டது. அவள் கையெழுத்து வேறெங்கும் என்னிடம் இல்லை.

அந்தக் காமிராக்காரருக்குப் பால் கணக்கில் எந்த அக்கறையும் இருந்திருக்க முடியாது. எனக்குமே அந்த வயதில் இருந்ததில்லை. எது முக்கியமாகப் போகிறது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கூர்மையாக எடுத்த படம், எடுத்தவனுக்குத் தெரியாததையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. மங்கல் அதற்கு நேர்மாறு. எடுத்தவனுடைய அன்றைய அக்கறையின் எல்லைக்குள் படத்தைப் பூட்டிவிடுகிறது. நூற்புக் கூடத்தில் எஃப் 1.8-ஐத் தேர்ந்தெடுத்தபோது, இந்த இடத்தில் முகத்தைத் தவிர வேறெதுவும் யாருக்கும் என்றைக்கும் தேவைப்படாது என்று நான் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். அதற்கு எனக்கு என்ன தகுதி?

அப்படியானால் எல்லாவற்றையும் எப்போதும் கூர்மையாகவே எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலியோர் கூடி, பெரிய காமிராக்களின் மிகச் சிறிய துவாரத்தின் எண்ணையே பெயராக வைத்து, 'எஃப் 64' என்று ஒரு குழு அமைத்தார்கள். கூர்மை அவர்களுக்கு ஒரு நேர்மைப் பிரகடனம். ஆனால் கூர்மை தன்னளவில் நேர்மையாகிவிடாது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் உதவியோடு 1909-இல் தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 7 பாகங்கள் வெளியிட்டார். அவர் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளவெடுத்தவர். அந்தப் பாகங்களில் படங்களும் உண்டு. அந்த முகங்களைப் பார்க்கும்போது, தெளிவாகத் தெரிவதும் ஒருவரைக் கண்டுகொள்வதும் ஒன்றல்ல என்பது உறைக்கிறது. மாதிரிப் பொருளையும் கூர்மையாகத்தான் எடுப்பார்கள்.

இன்னொரு அனுபவம் எதிர்த்திசையில் என்னைத் தள்ளியது. காந்திகிராமத்துக்குப் பக்கத்தில் சின்னாளபட்டியில் ஒரு நெசவாளர் வீட்டில் தறியோடு அவரைப் படமெடுக்கப் போனேன். காமிராவை எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அந்தச் சொவரு விழாமப் பாத்துக்கங்க சார்." காரை பெயர்ந்து செங்கல் தெரிகிற சுவர். ஓட்டையை ஃபிளக்ஸ் துணி வைத்து அடைத்திருந்தார்கள். அது யதார்த்தம், அதுதான் படத்தின் உயிர் என்று வாதாட என்னிடம் கொள்கை இருந்தது. ஆனால் வீடு அவருடையது. துவாரத்தைத் திறந்தேன். சுவர் கரைந்தது. அன்று அந்த மங்கல் ஒரு மரியாதை. நம் பழைய ஸ்டூடியோக்களின் வர்ணத் திரைகளும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். மாடிப்படியும் ஏரியும் தாஜ்மகாலும் வரைந்த திரையின் முன் நின்றவர்கள் தங்கள் இடத்தை மறைத்துக்கொண்டார்கள் என்றாலும் திரையை ஏற்றவர்கள் அவர்கள். அதில் அவர்களுடைய ஆசை இருந்தது.

ஆகவே பிரச்னை மங்கலா கூர்மையா என்பதில் இல்லை. பின்னணி யாருடையது, அதை விடவும் வைக்கவும் யாருக்கு உரிமை என்பதில் இருக்கிறது.

இந்த உரிமை எல்லோர் விஷயத்திலும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. மங்கலைக் கலையாக்கியவர்களில் முதன்மையானவர் ஜூலியா மார்கரெட் காமரூன். 1860-களில் இங்கிலாந்தில் டெனிசன், ஹெர்ஷல், டார்வின் முதலியோரின் முகங்களை இருட்டிலிருந்து மென்மையாக எழும்பும்படி எடுத்தார். அவர்களுடைய வீடோ மேஜையோ தெரியாததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. டெனிசனின் பின்னணி நூலகங்களில் பத்திரமாக இருக்கிறது. காமரூன் 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879-இல் அங்கேயே இறந்தார். அங்கே அவர் எடுத்தவற்றில் 1878-ஆம் வருஷத்துப் படம் ஒன்று, களுத்துறைக் குடியானவர்கள் சிலரைப் பற்றியது. தலைப்பில் ஊர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, பெயர்கள் இல்லை. அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தப் படத்தை விட்டால் வேறு எங்கே போவது? பெயரும் புத்தகமும் உள்ளவனுக்கு மங்கல் ஓர் அலங்காரம். வேறு எந்தப் பதிவும் இல்லாதவருக்கு அது இழப்பு.

காந்திகிராமத்தில் எடுத்த படம் என்பதால் இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சிறுமலை அடிவாரத்தில் இதைத் தொடங்கினார்கள். 1956-இல் கிராமிய நிறுவனம் வந்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. நூற்பு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று பல காரியங்களுக்கும் அடியில் ஓடிய எண்ணம் ஒன்றுதான்: மனிதனை அவன் கிராமத்திலிருந்து பிரித்தெடுத்து உயர்த்த முடியாது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பது தனி விவாதம். ஆனால் அந்த மண்ணில் நின்றுகொண்டு ஒரு நூற்பாளியைக் கூடத்திலிருந்து பிரித்தெடுத்து அழகாக்கியிருக்கிறேன். இது என் ஒருவனுடைய பழக்கமும் அல்ல. உதவி கேட்கும் துண்டுப் பிரசுரங்களை நாடு முழுக்கப் பாருங்கள். ஒரு குழந்தையின் கண்கள் கூர்மையாக இருக்கும். ஊர் பச்சையும் பழுப்புமான குழம்பாக இருக்கும். முகம் இரக்கத்தை எழுப்புகிறது. அந்த முகம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான காரணங்கள், தண்ணீர் வராத குழாய், கூரை, தெருவின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது, எல்லாம் குழம்புக்குள் போய்விட்டன. காரணம் தெரியாத துன்பத்துக்கு இரங்குவது சுலபம்.

தமிழில் யோசிக்கிறவனுக்கு இந்த இடத்தில் அகத்திணை ஞாபகம் வராமல் இருக்காது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்து மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள். மனித உணர்வு அவற்றுக்குப் பிறகு, உரிப்பொருளாக வருகிறது. அதே சமயம் அகத்தில் வரும் மாந்தருக்குப் பெயர் சொல்லக்கூடாது என்பது விதி. அதாவது அங்கே மங்கலாக்கப்பட்டது முகம். கூர்மையாக வைக்கப்பட்டது பின்னணி. பின்னணி என்ற சொல்லே அங்கே பொருந்தாது. அந்த நிலம் மரபு வகுத்த நிலம், ஓர் ஊரின் தெருவல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். பழம்பெருமை பேச இதைச் சொல்லவும் இல்லை. ஒருவர் யார் என்பதை அவர் இருக்குமிடத்தின் மூலமே சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இங்கே கவிதையின் இலக்கணமாக இருந்தது என்று நினைவூட்டவே.

ராட்டையைப் பற்றிய மிகப் பிரபலமான படமும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. 1946-இல் 'லைஃப்' பத்திரிகைக்காக மார்கரெட் பூர்க்-ஒயிட் பூனாவில் காந்தியைப் படமெடுக்கப் போனார். முதலில் ராட்டை சுற்றக் கற்றுக்கொண்டு வரச்சொல்லி நிபந்தனை போட்டார் காந்தியின் காரியதரிசி. அவரும் கற்றுக்கொண்டார். படத்தில் பெரிதாக முன்னால் நிற்பது ராட்டை. காந்தி அதற்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ காகிதம் படித்துக்கொண்டிருக்கிறார். அந்த நிபந்தனைக்கும் படத்தின் அமைப்புக்கும் சம்பந்தமுண்டா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் தன் கையால் ஒரு நாளாவது சுற்றிப் பார்த்தவருக்கு ராட்டை வெறும் பின்புலமாகத் தெரிந்திருக்காது என்று தோன்றுகிறது. காந்தியின் கூடவே இருந்து படமெடுத்த கனு காந்திக்கு வேறு நிபந்தனைகள்: ஃபிளாஷ் கூடாது, நிற்கவைத்து எடுக்கக்கூடாது, ஆசிரமம் பணம் தராது. குறைந்த வெளிச்சத்தில் எடுத்ததால் வரும் மங்கலை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அது எதிரே இருப்பவரின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டதால் வந்தது. அழகுக்காகத் தேர்ந்ததோடு அதைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

இப்போது நிலைமை இன்னும் விசித்திரமாகியிருக்கிறது. கைபேசிக் காமிராவின் லென்ஸ் மிகச் சிறியது. இயல்பில் அதற்கு ஏறக்குறைய எல்லாமே கூர்மையாகத்தான் விழும். மங்கலைக் கணக்குப் போட்டுப் பூசுகிறது யந்திரம். 2016-இல் இரண்டு லென்ஸ் வைத்த ஐஃபோனில் இந்த வசதி வந்தது. 2018 முதல் படமெடுத்த பிறகு விரலால் தள்ளி மங்கலைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. மங்கலின் தரத்துக்கு ஜப்பானியரிடமிருந்து 'பொக்கே' என்ற சொல்லையும் உலகம் வாங்கிக்கொண்டது. முதுமையின் ஞாபகத் தடுமாற்றத்தைக் குறிக்கும் சொல்லும் அதே குடும்பம்தான். பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் பொறுப்பு குறைந்துவிட்டதென்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. முன்பு வெளிச்சம் போதாததால் என்று ஒரு சாக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க அதே கூடத்தில், அதே அம்மாளைக் கைபேசியிலும் எடுத்தேன். எட்டுக் கதிர் ராட்டை. இழை அறுந்தால் விரல் நுனியில் எடுத்து ஒட்ட வேண்டும். அவர் ஒட்டிக்கொண்டிருந்த நேரம். யந்திரம் முகத்தைக் கண்டுபிடித்தது, தோளைக் கண்டுபிடித்தது, கையின் விளிம்பைக் கூட ஓரளவு கண்டுபிடித்தது. இழையை மட்டும் அது பின்னணி என்று முடிவுகட்டிவிட்டது. விரலுக்கும் கதிருக்கும் நடுவே ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் காற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. முடிக்கற்றையையும் நூலையும் பிரித்தறிய அதற்குத் தடுமாற்றம், நாளடைவில் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் மனிதர் எங்கே முடிகிறார், அவருடைய இடம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியும் என்பதை நாமும் கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறோம். அந்த இழை யாருடைய பக்கம்?

எனக்கென்று ஓர் அளவு வைத்துக்கொண்டிருக்கிறேன். மங்கல் இருக்கலாம். ஆனால் அந்த இடத்தைத் தெரிந்தவருக்கு அது இன்ன இடம் என்று அடையாளம் தெரிகிற அளவோடு நிற்க வேண்டும். தெரியாதவருக்கு அது நிழலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு மேல் கரைப்பதென்றால் படத்தில் இருப்பவர் கேட்டுக்கொண்டதாக இருக்க வேண்டும். இது தெரிந்தவருக்குச் சலுகை தருகிற அளவுகோல் என்று நண்பர் ஆட்சேபித்தார். ஆமாம், தருகிறது. ஒரு படத்தின் முதல் வாசகர் அதில் இருப்பவர்தான் என்று நினைக்கிறேன். முந்நூறு பிரதி அச்சிடும் பத்திரிகையில் எழுதுகிற நாம் இதை ஆட்சேபிப்பது எப்படி என்றும் தெரியவில்லை. இங்கே எழுதுகிறவன் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை. தெரிந்தவர் கண்டுகொள்வார் என்று சிலவற்றை நிழலாகவே விடுகிறான். ஆனால் அவற்றை அவன் அழித்துவிடுவதில்லை. அழித்துவிட்டு அதை நுட்பம் என்று சொல்லிக்கொள்ளும் எழுத்தும் நம்மிடையே உண்டு.

பிறகு ஒருநாள் பழைய காமிராவையே எடுத்துப்போய், இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து, எஃப் 5.6-இல் எடுத்தேன். முகம் சிறிதாகிவிட்டது. ராட்டையும் கையும் இழையும் கூர்மை. பின்வரிசை ராட்டைகள் மங்கல், ஆனாலும் ராட்டைகள். முதல் படத்தைப் புகழ்ந்தவர்கள் இதைச் சாதாரணமாக இருக்கிறது என்றார்கள். சாதாரணமாகத்தான் இருக்கிறது. அந்த அம்மாளிடம் கொடுத்தேன். தன் முகத்தில் அவர் கண் நிற்கவில்லை. பின்னால், இடது ஓரத்தில், எனக்குச் சாம்பல் நிறக் கறையாக மட்டும் தெரிந்த ஓரிடத்தில் விரலை வைத்தார். "இது சன்னலோரத்து ராட்டை. அதுல உக்கார்றவ அன்னைக்கி வரலை. அப்புறமும் வரலை" என்றார்.

நான் மறுபடி பார்த்தேன். கறைதான் தெரிந்தது.